வாங்கிக் கட்டிக்கொண்ட இங்கிலீஷ்

மல்லசமுத்திரத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் போட்டித் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, அம்மிணிகளே,

நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வரும்போதெல்லாம் உங்கள் மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறேன். நாலைந்து தண்ணீர் பாட்டில், ஒரு சார்ஜர், நடுவில் முதுகு பிரிந்துபோன புத்தகம். ஐந்நூறு இடியம், முந்நூறு ஃப்ரேசல் வெர்ப், பக்கத்திலேயே தமிழில் அர்த்தம். ஒருவர் வாசிக்க இன்னொருவர் ஒப்பிக்கிறீர்கள். போன வாரம் ஒரு பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு, "புட் ஆஃப் ஒத்திவை, புட் ஆன் அணி, புட் அவுட் அணை" என்று பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிற ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. குறுக்கே பேசினால் மரியாதையாக இருக்காது என்று எழுந்து வந்துவிட்டேன். வந்தவனுக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் வாத்தியார் இல்லை. இங்கிலீஷில் எனக்கு இருக்கும் தகுதி, அதனிடம் ஒருமுறை நன்றாக அடி வாங்கியவன் என்பது மட்டும்தான்.

2004ஆம் ஆண்டு. பி.காம். முடித்த கையோடு, நம் பக்கத்து லாரிக்காரர் ஒருவர் மும்பைக்கு வெளியே நடத்திவந்த புக்கிங் ஆபீஸுக்குக் கணக்கெழுதப் போனேன். இந்தி ஒரு சொல் தெரியாது. ஆகவே இங்கிலீஷ் பேசுகிற பார்ட்டிகளின் போன் எல்லாம் என் மேசைக்குத் தள்ளப்படும். ஒரு சாயங்காலம் ஒரு கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். மறுநாள் விடிகாலையில் அவர்கள் கேட்டிலிருந்து மெஷின் பாகங்கள் கொஞ்சம் ஏற்றவேண்டியிருந்தது. அவர் சொன்னது ஒரே வரி: "கால் ஆஃப் த பிக்கப்."

கால் என்றால் கூப்பிடு. பிக்கப் என்றால் சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டி. நடுவில் கிடந்த ஆஃப் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "எஸ் சார், இம்மீடியட்லி சார்" என்று போனை வைத்துவிட்டு, பிக்கப் டிரைவரைக் கூப்பிட்டு நாலரை மணிக்கெல்லாம் போய் நிற்கச் சொன்னேன்.

போய் நின்றான். கேட் பூட்டிக் கிடந்தது. ஆள் வரும் வரும் என்று ஏழு மணி வரை பார்த்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினான். மேனேஜர் சொன்னது, சரக்கெடுக்க வருவதை ரத்து செய்துவிடு என்று. அவர் வாயில் வந்த பிக்கப் வண்டியே இல்லை, சரக்கெடுக்கும் வேலை. அவருடைய காலும் கூப்பிடுகிற கால் இல்லை. ஆஃப் வந்து ஒட்டிக்கொண்டதும் அதன் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. கூப்பிடாதே என்றவரிடம் சரி சார் என்று சொல்லிவிட்டுக் கூப்பிட்டவன் நான்.

வண்டி வாடகை 900 ரூபாய் என் சம்பளத்தில் பிடித்தம். முதலாளி அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கத்தவில்லை. "ஆஃப்னு சொன்னானா இல்லையா?" என்றார். "சொன்னாருங்க" என்றேன். "அப்பறம், ஆஃப்னா அணைக்கறதா, பத்த வெக்கறதா?"

இருபது வருசமாகியும் இதைவிட நல்ல இலக்கணப் பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் பி.காமில் இங்கிலீஷில் அறுபதுக்கு மேல் வாங்கியவன். அந்த வரியில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாச் சொல்லும் தெரியும், சேர்த்தால் தெரியாது. இதில் இருக்கிற சிக்கல் அதுதான். தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம், இல்லை எதிராளியிடம் கேட்போம். தெரிந்த சொல்லாக வந்து ஏமாற்றினால் கேட்கவேண்டும் என்றே தோன்றாது.

உங்களுக்கு ஒரு ஆறுதல். சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் பெரிய ஆங்கில அகராதியை வெளியிட்டபோது, முன்னுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். வினைச்சொல்லோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு அர்த்தத்தை மாற்றுவதுதான் வெளியூர்க்காரர்களுக்கு மிகவும் கஷ்டம், அதனால் அவற்றைத் தனிக் கவனத்தோடு சேகரித்திருக்கிறேன் என்கிறார். ஆனால் அதற்கு ஒரு பெயர் கிடைக்க அப்புறமும் 170 வருசம் ஆயிற்று. ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர், லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் எழுதிய புத்தகத்தில் வருகிறது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே எழுதியிருக்கிறார். அதே 1925இல்தான் ராஜாஜி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் போட்டார். இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவ்வளவு இங்கிலீஷ் எழுதிய ராஜாஜியே பள்ளிக்கூடத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்று ஒரு தலைப்பைப் படித்திருக்க முடியாது என்று சொல்லத்தான் இதை இழுத்தேன்.

சரி, இங்கிலீஷ் மட்டும்தான் இப்படிக் குழப்புகிறதா? ஒரு வெள்ளைக்காரர் நம் ஊருக்கு வந்து தமிழ் கற்றுக்கொள்கிறார் என்று வையுங்கள். வாங்கு தெரியும், கட்டு தெரியும், கொள் தெரியும். "நோம்பிக்கு அக்கா சேலை வாங்கிக் கட்டிக்கிட்டா" என்றால் புரிந்துகொள்வார். "தம்பி அப்பன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான்" என்றால்? அப்பன் பையனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார் போல என்று நினைத்துச் சந்தோஷப்படுவார். என் பிக்கப் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

துணைவினை என்று தமிழ் அய்யா நடத்தியிருப்பார். விடு, கொள், போடு, தள்ளு, தொலை, வை. "வா" என்று ஒரு ஆளைக் கூப்பிடுவதும் "வந்து தொலை" என்று கூப்பிடுவதும் ஒன்றா? "எழுதினான்" என்பதற்கும் "எழுதித் தள்ளினான்" என்பதற்கும் நடுவில் ஒரு நோட்டு முழுக்க இருக்கிறது. இதையெல்லாம் யாரும் பட்டியல் போட்டுப் படித்ததில்லை. திட்டு வாங்கும்போதும் திட்டும்போதும் தானாக வந்தது. தமிழில் இந்த வேலையைப் பின்னால் வருகிற வினை செய்கிறது, இங்கிலீஷில் பின்னால் வருகிற அப், ஆஃப், அவுட் செய்கின்றன.

இப்போது உங்கள் வாய்ப்பாட்டுக்கே வருகிறேன். புட் ஆஃப் என்றால் ஒத்திவை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. தப்பில்லை. ஆனால் வீட்டில் யார் ஒத்திவைக்கிறார்கள்? கல்யாணத்தைத் தள்ளிப்போட்டோம், கிணறு தூர்வாருவதைத் தள்ளிப்போட்டோம் என்றுதானே சொல்கிறோம்? தள்ளிப்போடு. போடு என்றால் புட். தள்ளி என்றால் ஆஃப். அச்சு அசலாக அதேதான். லுக் ஆஃப்டர் என்றால் பராமரி என்று எழுதியிருக்கும். பார்த்துக்கொள் என்று படித்துப் பாருங்கள், லுக் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஷோ ஆஃப் என்றால் பகட்டு காட்டு என்று எழுதாமல் பந்தா காட்டு என்று எழுதியிருந்தால் ஒரு தடவையில் மறக்காமல் ஒட்டியிருக்கும். எல்லாம் இப்படி ஜோடி சேரும் என்று சொல்ல வரவில்லை. கிவ் அப் என்றால் கைவிடு, கிவ் இன் என்றால் விட்டுக்கொடு. இரண்டிலும் கிவ் இருக்கிறது, தமிழில் ஒன்றில்தான் கொடு இருக்கிறது. ஆனால் பட்டியலின் வலது பக்கத்தில் செய்தித்தாள் தமிழ் இருப்பதால்தான் பாதிக்கு மேல் மனசில் நிற்கவில்லை என்பது என் கட்சி. அந்தத் தமிழை அடித்துவிட்டு உங்கள் வீட்டுத் தமிழை எழுதுங்கள்.

அந்தக் குட்டிச் சொற்களை மட்டும் தனியாகக் கவனித்தாலும் கொஞ்சம் பிடிபடும். என் முதலாளி செய்தது அதுதான். ஆஃப் என்றால் ஏதோ ஒன்று நிற்கிறது, விலகுகிறது, அணைகிறது என்று காதாலேயே பிடித்து வைத்திருந்தார். ஆன் என்றால் தொடர்ந்து நடக்கிறது: கோ ஆன், கேரி ஆன். அப் இருக்கிறதே, அது பல இடத்தில் நம் விடுவேதான். ட்ரிங்க் அப் என்றால் குடித்துவிடு, மிச்சம் வைக்காதே. யூஸ் அப் என்றால் தீர்த்துவிடு. ஃபில் அப் என்றால் விளிம்பு வரைக்கும் நிரப்பிவிடு. மேலே போகிற அர்த்தத்தைத் தேடினால் கிடைக்காது. முடித்துவிடுகிற அர்த்தத்தைத் தேடினால் கிடைக்கும். ஷட் அப்புக்குக்கூட இது பொருந்துகிறது பாருங்கள்.

இன்னொன்று. இதில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் மேக்கப். தியேட்டர் வாசலில் கட்அவுட். கவுன்சிலிங்கில் கட்ஆஃப். ரோட்டோரம் நிற்கிற ரிக் லாரி பிரேக்டவுன். சினிமாவில் ஹீரோவுக்குப் புது கெட்டப். பேச்சில் ஓவர் பில்டப். ஸ்டேஷனில் லாக்கப், 2020இல் லாக்டவுன். இதெல்லாம் ஃப்ரேசல் வெர்ப்தான், பெயர்ச்சொல்லாகி நம் ஊரில் குடியேறிவிட்டன. பெயர்ச்சொல் ஒரே அர்த்தத்தோடு நிற்கும், வினைச்சொல் ஊர் சுற்றும். மேக் அப் என்றால் சண்டை போட்டவர்கள் ராசியாவது, இல்லாத கதையைக் கட்டுவது, விட்ட பாடத்தை ஈடுகட்டுவது எல்லாமும்தான். கிரிக்கெட்டில் ரன்அவுட் தெரிந்த உங்களுக்கு, ரன் அவுட் ஆஃப் டீசல் என்றால் டீசல் தீர்ந்துபோச்சு என்று ஏன் சட்டென்று தோன்றுவதில்லை? ஸ்டம்பு பறக்கிற படம் மறைக்கிறது. என்னை அன்றைக்குக் கவிழ்த்ததும் இதே வகைதான். பிக்கப் என்றதும் கண்முன் வண்டி வந்து நின்றுவிட்டது.

பள்ளியில் இது ஏன் சரியாக வருவதில்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இங்கிலீஷுக்கு இரண்டு மாடி. கீழ்மாடியில் அவர்களுடைய பழைய வீட்டுச் சொற்கள்: புட், கால், கெட், டேக், கிவ். மேல்மாடியில் 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்த சொற்கள்: கேன்சல், டாலரேட், அபாண்டன். நாம் நேராக மேல்மாடியில்தான் ஏற்றிவிடப்படுகிறோம். டாலரேட் எழுதச் சொன்னால் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவோம். அந்த மேனேஜர் கேன்சல் என்று சொல்லியிருந்தால் எனக்கு 900 ரூபாய் மிஞ்சியிருக்கும். ஆனால் அவர்கள் புழங்குவது கீழ்மாடியில். தமிழிலும் மேடையில் ஒத்திவைக்கப்படும், திண்ணையில் தள்ளிப்போடப்படும். திண்ணைத் தமிழ் தெரியாமல் ஒருவர் நம் ஊரில் காலம் தள்ள முடியுமா?

சுலபமாக்கப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். சி.கே.ஆக்டன் என்ற இங்கிலீஷ்காரர் 1930இல் பேசிக் இங்கிலீஷ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். மொத்தம் 850 சொல், அதில் வினைச்சொல் வெறும் 18. இவ்வளவு போதும், உலகமே இங்கிலீஷ் பேசலாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 18 வினையை வைத்துக்கொண்டு உலகத்துக் காரியம் எல்லாம் சொல்ல வேண்டும் என்றால் என்ன செய்வது? புட், கெட், டேக், மேக் பின்னால் அப்பும் ஆஃபும் அவுட்டும் ஒட்டவைத்துக்கொண்டே போகவேண்டியதுதான். இங்கிலீஷ்காரனுக்கு அது சுலபம், படிக்கிறவனுக்கு அதுவே கண்ணி. 850 என்று எண்ணிக் கொடுத்த மூட்டைக்குள் எண்ணாமல் கட்டியது எத்தனையோ.

இடியம் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையாக இருக்கும், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் கூட்டுறவுச் சங்கத்துப் பருத்தி ஏலத்துக்கு அப்பாவோடு போயிருப்பீர்கள். மூட்டையை அவிழ்த்து, கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, பஞ்சை இழுத்துப் பார்ப்பார்கள். பி.டி. ஒரு விலை, சுரபி ஒரு விலை, கொட்டு ஒரு விலை. உங்கள் ஐந்நூறு இடியமும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறது, யாரும் கை விட்டுப் பார்க்கவே இல்லை. ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ் கொட்டு ரகம். நேர்காணலில் மழையைப் பற்றிப் பேச்சு வந்ததும் அதை எடுத்து விட்டுவிடாதீர்கள், எதிரே இருப்பவர் அதை அப்படியே பள்ளிப் பாடப் புத்தகத்தில்தான் கடைசியாகப் பார்த்திருப்பார். நமக்கு மழை வெளுத்து வாங்கினால் அவர்களுக்குப் போரிங் டவுன், ஊற்றிக் கொட்டுகிறது. அது போதும்.

கிக் த பக்கெட் இன்னொரு கதை. அதன் அர்த்தம் இறந்துபோ என்று பட்டியல் சொல்லும். நான் ஒரு விடுப்பு விண்ணப்பமே பார்த்திருக்கிறேன், தாத்தா பக்கெட்டை உதைத்துவிட்டதால் மூன்று நாள் லீவு வேண்டும் என்று. தமிழில், எங்கள் தாத்தா மண்டையைப் போட்டுவிட்டார் என்று ஆபீஸுக்கு எழுதிக் கொடுப்பீர்களா? காலமானார், இறைவனடி சேர்ந்தார் என்றுதானே எழுதுவீர்கள்? மங்கலம் என்று நம் இலக்கணத்திலேயே தகுதி வழக்கில் இதற்கு ஒரு இடம் இருக்கிறது. இங்கிலீஷிலும் பாஸ் அவே என்று மங்கலம் உண்டு. பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரியில் ஒரே அர்த்தத்தோடு இருக்கும். எந்த வீட்டில் எதைச் சொல்லலாம் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

எனவே இடியத்தைச் சொல்லப் படிக்காதீர்கள், புரிந்துகொள்ளப் படியுங்கள். ஃப்ரேசல் வெர்ப்பைச் சொல்லவே படியுங்கள், அது இல்லாமல் வாய் திறக்க முடியாது. எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். எழுதப் போகிறவர்கள் முறைக்கவேண்டாம். முதல் கட்டத்தில் நூறு கேள்வியில் இங்கிலீஷ் 25, தப்பானால் அரை மார்க் போகும், இடியம் கட்டாயம் வரும் என்பது எனக்கும் தெரியும். அங்கே கேட்பது அர்த்தத்தைத் தேர்ந்தெடுக்கத்தானே? சொல்லுக்குச் சொல் நேராகப் பொருந்துகிற விடையைக் கண்டால் சந்தேகப்படுங்கள், பெரும்பாலும் அதுதான் பொறி. ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன் வந்தால் அத்தி பூத்தாற்போல் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் நம்முடையதுதான் பெரிய அபூர்வம். ஒரே மாதத்தில் இரண்டாம் பௌர்ணமி வருவதைத்தான் ப்ளூ மூன் என்கிறார்கள், ரெண்டரை வருசத்துக்கு ஒருமுறை வந்துவிடும். அத்திப் பூ காய்க்குள்ளேயே பூப்பது, யார் கண்ணிலும் படாது.

நம் ஊர் இங்கிலீஷ் பற்றியும் ஒரு வார்த்தை. பயோடேட்டாவில் 2023இல் பாஸ்டு அவுட் என்று எழுதுகிறீர்கள். இந்தியா முழுக்க எழுதுகிறார்கள், இங்கே யாருக்கும் குழப்பமில்லை. லண்டன்காரர் படித்தால் 2023இல் மயங்கி விழுந்த பிள்ளை என்று நினைப்பார், அவ்வளவுதான். யாருக்கு எழுதுகிறோம் என்று பார்த்து கிராஜுவேட்டடு என்று மாற்றிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கோப் அப் வித் என்பதில் மட்டும் அந்த அப்பை எடுத்துவிடுங்கள். கோப் வித் போதும். அப் போட்டால் மிடுக்காக இருக்கிறது என்று எல்லா வினைக்கும் ஒரு அப் மாட்டிவிடுகிறோம், ஏற்கெனவே கட்டிய சேலைக்கு மேல் இன்னொன்று சுற்றுகிற மாதிரி.

எப்படித்தான் படிப்பது என்று கேட்பீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த 900 ரூபாய்க்குப் பிறகு ஒரு ரெண்டு ரூபாய் பாக்கெட் நோட்டு வாங்கினேன். அகர வரிசை கிடையாது. அன்றன்றைக்கு என்ன நடந்ததோ அதை ஒரு வரி எழுதுவேன்: லாரி மேட்டில் நின்றுபோனது, பார்ட்டி பணத்தைத் தள்ளிப்போட்டது, சொல்லாமல் ஒறம்பரை வந்து நின்றது. பக்கத்தில் அதற்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று போனில் காது கொடுத்துக் கேட்டு எழுதுவேன். ப்ரோக் டவுன், புட் ஆஃப், டர்ன்டு அப். ஒறம்பரைக்கு டர்ன்டு அப் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. கிடைத்த அன்றைக்கு, சம்பளம் கூட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது. உங்களிடம் இப்போது போனிலேயே உலகம் இருக்கிறது. ஒரு சமையல் வீடியோவோ கார் ரிப்பேர் வீடியோவோ பாருங்கள். கையில் சாமானை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் கீழ்மாடிச் சொல்லைத்தான் பேசுவார்கள், கண்ணெதிரே செய்தும் காட்டுவார்கள்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் காது பழகும்வரை தகராறு செய்யும். தள்ளிப்போடு என்பதற்கு நடுவில் தள்ளித்தான் போடுவாங்க என்று ஒன்றை நுழைக்கிறோம் அல்லவா, அவர்களும் நுழைப்பார்கள். புட் ஆஃப் த மீட்டிங் என்றும் சொல்லலாம், புட் த மீட்டிங் ஆஃப் என்றும் சொல்லலாம். ஆனால் இட் என்று சுருக்கினால் அது நடுவில்தான் உட்காரும்: புட் இட் ஆஃப். புட் ஆஃப் இட் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். லுக் ஆஃப்டர் மாதிரி சிலது பிரியாது, ஒட்டியே இருக்கும். விதியைக் கரைத்துக் குடிக்கவேண்டாம். பத்து முறை கேட்டால் பதினோராவது தடவை தப்பாகச் சொன்னவரைப் பார்த்து உங்களுக்கே முகம் சுளிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் நூலகத்தில்தான் இருப்பேன். அந்த வாரத்தில் காதில் விழுந்து புரியாமல் போன ஒரு வரியைக் கொண்டு வாருங்கள். எனக்கும் தெரியாவிட்டால் வெளியே போய் டீ குடித்துக்கொண்டு யோசிப்போம். காசு நான் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்

பி.கு. அந்தப் புத்தகத்தில் கால் ஆஃப் இருக்கிற வரிக்குப் பக்கத்தில், "ரூ.900" என்று பென்சிலால் எழுதி வைத்தது நான்தான். நூலகர் கேட்டால் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.